காலங்கடந்த காதற்கதை: வழுவா, வழுவமைதியா?

இலக்கண வகுப்பில் காலம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் மாணவரிடம் அகப்பட்டுக்கொள்வர். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்றையும் பலகையில் தெளிவாகப் பிரித்தெழுதி முடித்ததும், பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து நிற்கும். "ஐயா, அம்மா கூப்பிடும்போது நான் சோறு சாப்பிட்டுக்கொண்டே 'இதோ வந்துட்டேன்' என்று சொல்கிறேனே, அது எந்தக் காலம்?" என்று கேட்கும். பிள்ளை இன்னும் எழுந்திருக்கவே இல்லை, வந்துவிட்டதாகச் சொல்கிறது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் இதற்கு விடை வைத்துள்ளார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணம் பற்றி ஒரு காலத்தை மற்றொரு காலமாகக் கூறுதல் குற்றம் ஆகாது. அதுவே கால வழுவமைதி. காரணமின்றிக் காலம் மயங்கினால் வழு. தக்க காரணம் பற்றி மயங்கினால் அமைதி. இவ்விதி சொற்றொடருக்கு மட்டுமன்றிக் கதைக்கும் பொருந்துமோ என்று அண்மையில் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

எம் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர், ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் ஏதோ ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா படிக்கிறீர்கள்?" என்றேன். "கல்கியின் 'சோலைமலை இளவரசி', ஐயா. முன்பிறவிக் காதல் கதை" என்றார். நான் சிரித்துவிட்டேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், இத்தகைய கதைகள் காலத்தைக் கடப்பதாகச் சொல்லிக் காலத்தைக் கொல்பவை என்று விரிவுரையாளர் ஒருவர் கூறுவார். பிற்காலத்தில் பயிற்சி ஆசிரியர்களை வழிநடத்தும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அதே வாக்கியத்தை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றும் சொன்னேன்.

ஆசிரியை சினக்கவில்லை. "எங்கள் கொள்ளுத்தாத்தாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனான், ஐயா. கொள்ளுப்பாட்டி அப்போது வேலைக்காட்டில் இருந்தாராம். லயத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. தாத்தா திரும்பவே இல்லை. ஒரே ஒரு நாள் பின்னால் போக முடிந்தால் நான் எந்த அரண்மனைக்கும் போகமாட்டேன். ரயில் புறப்படும் முன்னே பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் நிறுத்துவேன்" என்றார்.

அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்து. காலங்கடந்த காதற்கதைகளைப் பெருந்தொகையான வாசகர் விரும்பிப் படிப்பது ஏன்? அவ்விருப்பம் எள்ளத் தக்கதா, எண்ணத் தக்கதா?

பொறியும் கனவும்

காலப்பயணம் என்றதும் பலர்க்கும் நினைவில் எழுவது பொறி. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' என்னும் கதையே இவ்வெண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. அதன் தலைவன் கி.பி. 802,701ஆம் ஆண்டுக்குச் சென்று மீள்கிறான். அவன் சென்றதற்குச் சான்றாகக் கையில் எஞ்சுவது எது? வீனா என்னும் சிறு பெண் அன்பினால் அவன் சட்டைப் பையில் இட்ட மலர்கள்; திரும்பி வருவதற்குள் அவை வாடிவிட்டன. பொறியைப் பற்றிய கதையும் மலரில் வந்து முடிவதை நோக்குக.

அமெரிக்க எழுத்தாளர் டயானா கபால்டன் 1991இல் எழுதிய 'அவுட்லேண்டர்' என்னும் புதினத்தில் பொறியே இல்லை. இரண்டாம் உலகப் போரில் செவிலியாகப் பணியாற்றிய பெண், போர் முடிந்தபின் கணவனோடு ஸ்காட்லாந்து செல்கிறாள். அங்கு நட்டு நிற்கும் பழங்கற்களிடையே புகுந்து 1743ஆம் ஆண்டில் வெளிப்படுகிறாள். ஆட்ரி நிஃபனேகர் 2003இல் எழுதிய 'காலப் பயணியின் மனைவி' என்னும் புதினத்தில், கணவன் தன் விருப்பமின்றியே காலத்தில் இங்குமங்கும் வீசப்படுகிறான்; மனைவி காத்திருக்கிறாள். பிரிந்த தலைவன் வருமளவும் ஆற்றியிருத்தலை முல்லைத் திணையின் உரிப்பொருளாகக் கொண்ட நமக்கு இக்கதை அயலாகத் தோன்றாது.

தமிழில் இப்பயணத்துக்குரிய வாயில்கள் இரண்டு: ஒன்று முற்பிறப்பு நினைவு, மற்றொன்று கனவு. குறுந்தொகையின் 49ஆம் பாட்டில், அம்மூவனார் படைத்த தலைவி, இப்பிறவி மாறி மறுபிறவி வரினும் இவனே தன் கணவனாதல் வேண்டும் என்று விழைகிறாள். ஒரு பிறவி தன் அன்புக்குப் போதாது என்பது அவள் கருத்து. காலங்கடந்த காதலின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

மணிமேகலைக் காப்பியத்தில் அவ்விதை மரமாயிற்று. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைத் தொழுத மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கிறாள். அப்பிறப்பில் அவள் பெயர் இலக்குமி. கணவன் இராகுலன் பாம்பின் நஞ்சினால் இறக்க, அவளும் தீப்புகுந்தாள். அவ்விராகுலனே இப்பிறப்பில் தன்னைத் தொடர்ந்து வரும் சோழ இளவரசன் உதயகுமரன் என்று அறிகிறாள். இக்காலப் புதினமாயின் இவ்விடத்தில் இருவரும் கைகோத்து நிற்பர். சாத்தனார் அவ்வாறு செய்யவில்லை. உதயகுமரன் வெட்டுண்டு வீழ்ந்தபோது, பழைய அன்பு பொங்க அவனருகே செல்லப் புகுந்தவளைக் கந்திற்பாவை தடுக்கிறது. பழமையை அறிந்தது அதனினின்று விடுபடுவதற்கே என்பது அக்காப்பியத்தின் முடிபு.

பாரதியாரின் குயிற்பாட்டு வேறு வழியிற் செல்கிறது. அவர் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த காலத்தில் எழுதிய அந்நூலில், மாஞ்சோலைக் குயில் தன் முற்பிறவிக் கதையைக் கூறுகிறது. அப்பிறவியில் அவள் வேடர் குலத்துச் சின்னக்குயிலி. அவளைக் காதலித்தவன் சேர இளவரசன். பொறாமையுற்ற இருவரால் வெட்டுண்டு இறக்கும் இளவரசன், மீண்டும் பிறந்து கூடுவோம் என்று ஆறுதல் கூறிப் போகிறான். மறுபிறவியில் அக்கூட்டம் நிகழும் அளவில், அனைத்தும் கவிஞரின் பகற்கனவாய்க் கலைகிறது. ஒரே மரபில் மணிமேகலை விடுதலையையும், குயிற்பாட்டு மறுகூட்டத்தையும் காட்டின. பிற்காலத் தமிழ்க் கதைகள் இவ்விரு கரைகளுக்கிடையே ஓடுகின்றன எனலாம்.

1942 என்னும் வாயில்

அம்மரபைப் புதினத்துக்குக் கொண்டுவந்தவருள் தலையாயவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954). 'பொன்னியின் செல்வன்' தொடங்கும்போதே, வாசகரைக் கற்பனைப் படகில் ஏற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பின்னே அழைத்துச் செல்பவர் அவர். அங்குப் பயணம் செய்பவர் வாசகர். 'சோலைமலை இளவரசி'யிலோ கதைத்தலைவனே பயணம் செய்கிறான்.

1942 ஆகஸ்டு போராட்டத்தில் ஈடுபட்டுப் போலீசாருக்குத் தப்பி ஓடும் குமாரலிங்கம், பாழடைந்த சோலைமலைக் கோட்டையில் ஒளிகிறான். பொன்னம்மாள் என்னும் ஊர்ப்பெண் அவனுக்கு உணவு கொணர்ந்து உதவுகிறாள். இடிந்த சுவர்களிடையே கிடக்கும் அவனுக்கு, சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய காட்சிகள் கண்முன் விரிகின்றன. அங்கே அவன் ஆங்கிலேயரை எதிர்த்து மறைந்து திரியும் மாறனேந்தல் உலகநாதத் தேவன். பொன்னம்மாளே இளவரசி மாணிக்கவல்லி. இரண்டு காலத்திலும் ஒருவன் ஒளிந்திருக்கிறான், ஒருத்தி காக்கிறாள், இரண்டு காலத்திலும் துரத்துவது அதே ஆட்சி.

கல்கியின் 'மோகினித் தீவு' என்னும் குறும்புதினமும் இவ்வகையினது. ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி ரங்கூனிலிருந்து தமிழர் ஓடிவந்த காலம். அகதிகளை ஏற்றிய கப்பல் ஒன்று பகைவருக்கு அஞ்சித் தீவொன்றின் அருகே ஒதுங்குகிறது. அத்தீவில் இறங்கியவன், நிலவொளியில் ஓர் ஆடவனையும் பெண்ணையும் காண்கிறான். சோழ பாண்டியர் பகைக்கிடையே மலர்ந்த பழங்காதல் ஒன்றை அவ்விருவரும் மாறிமாறி அவனுக்குச் சொல்கின்றனர்.

இரண்டு கதையிலும் பழங்காலத்துக்குத் திறக்கும் கதவு உலகப் போர்க்காலத்திலேயே அமைந்திருப்பது நம் கருத்துக்குரியது. 'அவுட்லேண்டர்' தலைவிக்கும் கதவு திறப்பது அதே போரின் முடிவில்தான். அக்காலம் பிரிவுகளின் காலம். கப்பலேறியவர் கரையேறினாரா என்று தெரியாது; சிறைபுகுந்தவர் மீண்டாரா என்று தெரியாது. நம் பினாங்கு 1941 டிசம்பர் 11ஆம் நாள் குண்டுவீச்சுக்கு ஆளாகி, அம்மாத முடிவுக்குள் ஜப்பானியர் கைப்பட்டது. 1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை இடப்பட்டது. அதற்கெனத் தோட்டந்தோறும் ஆடவர் திரட்டப்பட்டனர். சென்ற தமிழருள் திரும்பாதோர் பல்லாயிரவர்.

பிரிதலைப் பாலைக்கு உரிப்பொருளாக்கினர் நம் முன்னோர். அங்குத் தலைவனையும் தலைவியையும் பிரிப்பது சுரம். அச்சுரத்தைக் கடந்து ஒருநாள் அவன் வருவான். காலமே சுரமாகிவிட்டால் அதனை எவ்வாறு கடப்பது? கடக்கும் வழி கற்பனை ஒன்றே. காலங்கடந்த காதற்கதைகளின் ஈர்ப்புக்கு அடிப்படை இதுவே என்பது என் துணிபு. அரண்மனையும் அணிகலனும் மேற்பூச்சு. உள்ளே இருப்பது, தன் காலத்தில் முடியாமற்போன ஒரு பிரிவை வேறொரு காலத்திலேனும் முடித்துவைக்க வேண்டும் என்னும் வேட்கை.

எம் ஆசிரியையின் சொல்லை மீண்டும் நோக்குவோம். ரயிலை நிறுத்துவேன் என்று அவர் கூறவில்லை. போரை மாற்றுவேன் என்றும் கூறவில்லை. பாட்டியை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்துவேன் என்றார். அவர் வேண்டியது ஒரு விடைபெறுதல். மேனாட்டுப் பொறிக்கதைகள் பல, சென்ற காலத்தைத் திருத்தப் போகின்றன. தமிழ்க் கதைகள் பெரும்பாலும் சென்ற காலத்தில் தம்மவரை அடையாளம் காணப் போகின்றன.

நான்கு காரணங்கள்

இனி நன்னூலார் கூறிய நான்கு காரணத்தையும் இக்கதைகளுக்கு உரைகல்லாகக் கொண்டு பார்ப்போம். அவர் சொற்றொடருக்குக் கூறியதை நாம் கதைக்கு நீட்டிக்கொள்கிறோம் என்பதை நினைவிற் கொள்க.

முதலாவது விரைவு. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் இக்காலத்தை விட்டு விரைந்து வெளியேற விரும்புகிறார். புதினம் குதிரையொன்றைக் கொணர்ந்து வாசலில் நிறுத்துகிறது. இது தவறன்று. ஆனால் இக்காரணம் ஒன்றையே நம்பும் கதை விரைவிலேயே மறக்கப்படும். எக்காலத்துக்குச் சென்றாலென்ன, மாளிகையும் மஞ்சமும் மட்டுமே இருப்பின் கதையிற் காலம் ஒரு திரைச்சீலையே.

இரண்டாவது மிகுதி. இலக்கணத்தில் இது பெரும்பாலும் நிகழ்வதைக் குறிக்கும். நாம் அன்பின் மிகுதியாகக் கொள்வோம். ஒரு பிறவிக் கலத்தில் அடங்காத அன்பு அடுத்த பிறவிக்கு வழிகிறது. குறுந்தொகைத் தலைவியும் சின்னக்குயிலியும் இவ்வகையினர்.

மூன்றாவது தெளிவு. எறும்பு முட்டையைச் சுமந்து மேடேறக் கண்டவர், மழை பெய்துவிட்டது என்றே சொல்வர். பெய்யப் போவது அவர்க்கு அத்துணைத் தெளிவு. 'சோலைமலை இளவரசி'யில் நூறாண்டுக்கு முந்திய கோட்டையில் நின்று பார்க்கும்போதுதான் 1942இன் போராட்டம் நமக்குத் தெளிவாகிறது: இது இன்று தோன்றிய பகையன்று, நீண்டதொரு போரின் இறுதிப் பகுதி என விளங்குகிறது. அவ்வாறே, இருபதாம் நூற்றாண்டுச் செவிலி பதினெட்டாம் நூற்றாண்டில் நின்று பார்க்கும்போது, பெண் பெற்ற உரிமை எது, பெறாதது எது என்பது புலனாகிறது. ஒரு காலத்தை மற்றொரு காலத்தின் ஒளியில் காட்டும் கதை கற்றோர்க்கும் பயன்படும்.

நான்காவது இயல்பு. "நாங்கள் சிறுவயதில் விளையாடுவது இந்தத் திடலில்தான்" என்று முதியவர் சொல்லும்போது எவரும் பிழை திருத்துவதில்லை. நினைவின் நடையே அவ்வாறு. மூத்தோர் பழங்கதை சொல்லும்போது இறந்தவர் எழுந்து வந்து திண்ணையில் அமர்கின்றனர். பேசுவோர் நாவில் நாள்தோறும் நிகழும் காலப்பயணத்தையே புதினம் தாளில் செய்கிறது.

இந்நான்கனுள் ஒன்றேனும் வலுவாக அமைந்த கதை வழுவமைதி. ஒன்றும் அமையாதது வழு. இவ்வளவே அளவுகோல். 'முன்பிறவிக் கதை' என்று அறிந்த அளவிலேயே சிரித்துவிட்ட நான், அளவுகோலை எடுக்கும் முன்பே தீர்ப்புச் சொன்னவன் ஆனேன்.

எந்தக் காலத்துக்குச் செல்வது?

எனினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். நம் புதினங்கள் நம்மைப் பெரும்பாலும் மன்னர் மாளிகைக்கே அழைத்துச் சென்றன. மலேயாத் தோட்டங்களில் கல்கியையும் சாண்டில்யனையும் கைமாற்றிப் படித்த தலைமுறை உண்டு. சாண்டில்யனின் 'கடல் புறா' கடாரத்தைக் காட்டியபோது நம்மவர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. கடாரம் என்பது கெடா. சுங்கை பாக்காப் அடங்கிய செபராங் பிறையே 1800இல் ஆங்கிலேயர் கைக்கு மாறும் முன் கெடாவின் பகுதியாகத்தான் இருந்தது. இராசேந்திர சோழன் 1025இல் படை செலுத்திய கடாரத்தின் பழஞ்சின்னங்களை ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் காணலாம். அதனினும் அணித்தாக, புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தோக்குனில், தென்னிந்திய எழுத்து மரபில் பொறித்த பழைய கற்பாறை ஒன்று உள்ளது.

இவையெல்லாம் பெருமைக்குரியன. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் இந்நாட்டுக்கு வந்தது சோழர் கலத்தில் அன்று. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 1910இல் அம்முறை ஒழிந்தபின் கங்காணிகளின் வழியே ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பல், 1970களின் தொடக்கம் வரை நாகைக்கும் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே மனிதரைச் சுமந்தது. அக்கப்பல்கள் ஒவ்வொன்றிலும் கரையில் நின்றவர் ஒருவர், தளத்தில் நின்றவர் ஒருவர் எனப் பிரிந்த காதலர் எத்துணையரோ! அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களின் அடித்தளமும் எஞ்சவில்லை. பாழடைந்த கோட்டையாவது சோலைமலைக்கு இருந்தது.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இக்கடமையை மறந்தனர் எனல் பொருந்தாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அத்துயர வரலாற்றை நேராகவே எழுதிக் காட்டின. அவற்றைப் படிக்கும் இளைஞர், அத்தண்டவாளத்தின் அருகே தம் கொள்ளுத்தாத்தாவைச் சென்று காண விழைந்தால், அவ்விழைவுக்கும் ஒரு புதினம் வேண்டும். இக்காலப் பெண் ஒருத்தி செம்பனைக் காட்டின் ஊடே நடந்து, கரும்பு வெட்டியவரின் காலத்தில் வெளிப்படும் கதையை எழுதுவோர் முன்வருதல் வேண்டும். அதற்கு வாசகர் இல்லை என்று எவரும் சொல்லற்க. எம் பள்ளியிலேயே ஒருவர் இருக்கிறார்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

மாணவர் கையில் இத்தகைய புதினத்தைக் கண்டால் பிடுங்கிவிடுவது எளிது. அதனினும் பயனுடையது, "இக்கதை உன்னை எந்தக் காலத்துக்கு அழைத்துச் சென்றது? அங்கே யாரைக் காண விரும்புவாய்?" என்று கேட்பது. கொரிய நாடகங்களிலும் இவ்வகைக் காதலைக் கண்டுவரும் பிள்ளைகளுக்கு மணிமேகலையின் மணிபல்லவக் காட்சியைச் சொன்னால், அக்காப்பியம் அவர்க்குத் தேர்வு நூலாகத் தோன்றாது.

இதனை நான் சோதித்தும் பார்த்தேன். அவ்வாசிரியையும் நானும் கலந்து பேசி, ஆறாம் ஆண்டு மாணவர்க்கு, 'நூறாண்டுக்கு முன் ஒருநாள்' என்று ஒரு கட்டுரை கொடுத்தோம். எழுதும் முன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சிலர் யானைமேல் ஏறினர். சிலர் சோழனுக்குக் கைப்பேசி பரிசளித்தனர். ஒரு சிறுமி தன் பாட்டியிடம் நெடுநேரம் கேட்டு, எந்த ஊர், எந்தக் கப்பல், இறங்கிய இடம் எது, முதலில் வேலை செய்த நிரை எது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

அவள் கட்டுரையில் காலம் பலவிடத்து மயங்கிக் கிடந்தது. கப்பலிலிருந்து மூத்த பாட்டி ஒருவரியில் 'இறங்கினார்', அடுத்த வரியில் 'இறங்குகிறார்'. பிறகு, 'நான் கையைப் பிடித்துக்கொள்வேன்' என்று எதிர்காலம். வழக்கம்போல் சிவப்பு மையை எடுத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, வினைமுற்று ஒன்றையும் திருத்தாமல், ஓரத்தில் 'வழுவமைதி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.